பனிக்குடம் உடையாவிட்டால்?

வலி கண்டு ஐந்தாறு மணி நேரம் ஆகிவிட்டது. பனிக்குடம் இன்னும் உடையவில்லை. "குடம் உடையாமல் பிள்ளை எப்படி வெளியே வரும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படத் தொடங்குகிறார்கள். நம் ஊரில் மட்டுமன்று, வீட்டிலேயே பேறு பார்ப்பதற்கு அரசு மருத்துவத் துறையே ஏற்பாடு செய்து தரும் இங்கிலாந்திலும் இக்கேள்வி எழுகிறது. முதல் பேற்றின்போது மருத்துவமனையில் கருவியால் குடத்தை உடைக்க நேர்ந்த ஒரு தாய், அடுத்த பேற்றை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "இம்முறையும் அது தானாக உடையாவிட்டால் என்ன செய்வது?" என்று அவள் மருத்துவச்சியிடம் கேட்பது இயல்புதானே?

கேள்வி மருத்துவத்தைச் சேர்ந்தது. ஆனால் விடையில் ஒரு பகுதி அழுத்தம், இழுவிசை, நீரோட்டம் என்று நாம் இயற்பியல் வகுப்பில் படிக்கும் பாடங்களிலேயே இருக்கிறது. அதை முதலில் காண்போம்.

குடத்தின் அமைப்பு

பனிக்குடம் என்பது இரண்டு சவ்வுகளால் ஆன பை. உட்புறச் சவ்வு அம்னியான். வெளிப்புறச் சவ்வு கோரியான். இரண்டில் மெல்லியது அம்னியான்தான். ஆயினும் கொலாஜென் என்னும் புரத இழைகள் அதில் நெருக்கமாகப் பின்னியிருப்பதால், உறுதியில் அதுவே மிஞ்சி நிற்கிறது. பையினுள் நிறைமாதத்தில் ஏறத்தாழ முக்கால் லிட்டர் நீர் இருக்கும். இந்நீர் தேங்கிக் கிடப்பதன்று. குழந்தை அதை விழுங்குகிறது. சிறுநீராக மீண்டும் வெளிவிடுகிறது. ஆகவே நீர் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது.

பிரசவத்தின்போது இந்த நீரின் பயன் பெரிது. மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கலின் விதி. கருப்பை இறுகும்போது நீர் அந்த அழுத்தத்தைக் குழந்தையின் உடல் முழுவதும் பகிர்ந்தளிக்கிறது. தலையின் ஓரிடத்திலோ தொப்புள்கொடியிலோ மட்டும் அது குவிந்து நசுக்குவதில்லை. பிறப்பு வழியிலுள்ள நுண்ணுயிர்கள் உள்ளே செல்லாமல் தடுக்கும் சுவராகவும் குடம் பயன்படுகிறது.

ஓர் எளிய கணக்கு

வலி எழும்போது கருப்பையினுள் அழுத்தம் 50 மில்லி மீட்டர் பாதரச அளவுக்கு உயர்கிறது எனக் கொள்வோம். பாதரசம் நீரைப் போல் 13.6 மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே இது 68 சென்டி மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமம். அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 6,700 நியூட்டன்.

கருப்பை வாய் 4 சென்டி மீட்டர் விட்டத்துக்குத் திறந்து, சவ்வு அதன் வழியே அரைக்கோளமாகப் பிதுங்கியிருப்பதாகக் கருதுவோம். கோள வடிவச் சவ்வின் இழுவிசை, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் என்பது லாப்லாஸின் விதி. இங்கு ஆரம் 2 சென்டி மீட்டர். எனவே சவ்வின் ஒவ்வொரு சென்டி மீட்டர் அகலத்தையும் சுமார் 68 கிராம் எடை இழுக்கிறது. வாய் முழுவதும், அதாவது 10 சென்டி மீட்டர் அளவுக்குத் திறந்ததும் ஆரம் 5 சென்டி மீட்டர் ஆகிறது. இழுவிசையோ 170 கிராமாக ஏறுகிறது. அழுத்தம் மாறாமலே இழுவிசை இரண்டரை மடங்காகிவிட்டது! தாய் முக்கும்போது அழுத்தமும் 100 மில்லி மீட்டரைத் தாண்டும். இதோடு, நிறைமாதத்தில் சில நொதிகள் கொலாஜென் இழைகளைச் சிதைத்துக் கருப்பை வாயருகே சவ்வை நலிவுறச் செய்கின்றன. ஆகவே பெரும்பாலோருக்கு வலி தொடங்கிய பிறகே குடம் உடைவதில் வியப்பில்லை.

அப்படியானால் சிலருக்கு ஏன் கடைசிவரை உடைவதில்லை? சவ்வு இயல்பிலேயே உறுதியாக இருக்கலாம். அல்லது தலை கீழே இறங்கி, புட்டியின் வாயில் தக்கை பொருந்துவதுபோல் கருப்பை வாயில் பொருந்திவிடலாம். அப்போது தலைக்கு முன்னால் சிக்கிய சிறிதளவு நீருக்குப் பின்னாலுள்ள அழுத்தம் முழுமையாக வந்து சேர்வதில்லை. இவ்விரண்டும் நோயல்ல. வாய் திறந்துகொண்டே வந்தால், உடையாத குடம் பேற்றுக்குத் தடையும் அல்ல. மிக அரிதாகக் குழந்தை முழுக் குடத்தோடே பிறப்பதுண்டு. அப்போது மருத்துவச்சி முகத்தருகே சவ்வைக் கிழித்து உடனே விலக்கிவிடுவார், குழந்தை மூச்சுவிடும். தலையில் சவ்வோடு பிறந்தவன் நீரில் மூழ்க மாட்டான் என்று இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நம்பினார்கள். கடலோடிகள் அச்சவ்வை விலைகொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உடைத்தால் விரைவாகுமா?

கொக்கி போன்ற நுனியுடைய ஒரு நீண்ட கருவியால் சவ்வைக் கீறிக் குடத்தை உடைக்கிறார்கள். சவ்வில் நரம்பு இல்லாததால் கீறுவதில் வலி இல்லை. 1969-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகர மகப்பேறு மருத்துவர் கீரன் ஓட்ரிஸ்கால், நீண்டுபோகும் பிரசவங்களைத் தவிர்க்க ஒரு முறையை வெளியிட்டார். பிரசவம் தொடங்கியது உறுதியானதும் குடத்தை உடைத்துவிடுவது அதன் ஓர் அங்கம். இவ்வழக்கம் பல நாடுகளில் பரவியது.

ஆனால் எல்லோருக்கும் இது தேவைதானா? 2013-இல் காக்ரேன் அமைப்பு 15 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் 5,583 பெண்கள். வழக்கமாக எல்லோருக்கும் குடத்தை உடைப்பதால் பிரசவத்தின் முதற்கட்டம் குறுகுகிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. இயல்பாக நடக்கும் பிரசவத்தில் வழக்கமாகக் குடத்தை உடைக்கவேண்டாம் என்றே இங்கிலாந்தின் நைஸ் என்னும் வழிகாட்டு அமைப்பும் கூறுகிறது. பிரசவம் உண்மையிலேயே தாமதப்படும்போதுதான் உடைப்பதைக் கருத வேண்டும். அப்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறையலாம். வலியின் வேகமும் கூடலாம்.

தொட்டியும் நூலும்

குடத்தை உடைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. நீர் நிறைந்த தொட்டியில் ஒரு நூல் மிதக்கிறது. அடியிலுள்ள அடைப்பானைப் பிடுங்கினால் என்ன ஆகும்? பாய்ந்தோடும் நீர் நூலையும் இழுத்துக்கொண்டு துளைக்குள் போகும். தலை இன்னும் மேலேயே இருக்கும்போது குடத்தை உடைத்தால், பாயும் நீரோடு தொப்புள்கொடி முன்னே நழுவி வரலாம். பின்னால் இறங்கும் தலை அதை அழுத்தினால் குழந்தைக்கு இரத்த ஓட்டம் தடைப்படும். இதற்கான நேரம் மணிக்கணக்கன்று, நிமிடக்கணக்கு. ஆயிரம் பேறுகளில் ஒன்று முதல் ஆறு வரை கொடி இவ்வாறு நழுவுகிறது. தலை தக்கைபோல் பொருந்தியிருந்தால் கொடி வரவே வழியில்லை. ஆகவே 'குடம் உடைந்ததா?' என்பதைவிட 'தலை இறங்கியதா?' என்பதே முக்கியமான கேள்வி.

வீட்டுப் பேற்றின் திட்டம்

இனி அந்த இங்கிலாந்துத் தாயின் கேள்விக்கு வருவோம். முன்பு குடம் தானாக உடையாததை மட்டும் காரணம் காட்டி வீட்டுப் பேற்றை மறுக்க வேண்டியதில்லை. நிறைமாதமா, ஒற்றைக் குழந்தையா, தலை கீழ்நோக்கி உள்ளதா, இரத்த அழுத்தம் முதலிய சிக்கல்கள் இல்லையா என்பவற்றையே முதலில் பார்க்கவேண்டும். முற்பேறு ஏன் தாமதமாயிற்று, குடத்தை எதற்காக உடைத்தார்கள் என்பதைப் பழைய குறிப்பேட்டிலிருந்து அறிந்துகொள்ள வேண்டும்.

பிறகு திட்டம் வருகிறது. வாய் திறந்துகொண்டு வரும்வரை குடத்தைத் தொடவேண்டாம். நான்கு மணி நேரத்தில் 2 சென்டி மீட்டர்கூடத் திறக்காவிட்டால் தாமதம் என ஐயப்படலாம். மேற்கொண்டு வீட்டிலிருப்பதா, மருத்துவமனை செல்வதா என்று அப்போது முடிவு செய்யவேண்டும். வலியே தொடங்காதபோது, அதைத் தொடங்குவதற்காகக் குடத்தை உடைப்பது மருத்துவமனையில் மட்டுமே செய்யத்தக்கது. நீர் பச்சையாக வந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்துள்ளது என்று பொருள். உடனே மருத்துவமனைக்கு மாற்றும் ஏற்பாடு வேண்டும். மருத்துவமனை எத்தனை நிமிடத் தொலைவு, ஊர்தி எங்கே என்பவை கடைசி நேரத்தில் தேடவேண்டியவை அல்ல.

இவ்வளவு ஏற்பாட்டுடன்கூட நிலைமை எப்படி? இங்கிலாந்தில் சிக்கல் எதிர்பார்க்கப்படாத 64,000-க்கும் மேற்பட்ட பேறுகளைக் கண்காணித்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. வீட்டில் பேறு தொடங்கிய முதற்பேற்றுத் தாய்மாரில் 100-க்கு 45 பேரை மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தது. குழந்தைக்கு மரணமோ கடும் பாதிப்போ நேர்ந்தது வீட்டில் ஆயிரத்துக்கு 9.3; மருத்துவமனையில் 5.3. முன்பே பிள்ளை பெற்றவர்களில் மாற்றப்பட்டவர்கள் 100-க்கு 12 பேர். குழந்தைகளின் நலனில் இடத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சி பெற்ற மருத்துவச்சியும், அருகில் மருத்துவமனையும், காத்திருக்கும் ஊர்தியும் உள்ள நாட்டின் எண்கள் இவை என்பதை மறக்கலாகாது.

நாம் அறியவேண்டியது

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 99.6 விழுக்காடு பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆயினும் 2018 ஜூலையில் திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டில் பேறு பார்க்க முயன்றதில் ஓர் இளம் தாய் இரத்தப்போக்கால் உயிரிழந்தார். காணொளி இரத்தப்போக்கை நிறுத்தாது. இங்கிலாந்தின் வீட்டுப் பேறு என்பது வீட்டுக்கு வந்த மருத்துவம். மருத்துவம் இல்லாத வீடன்று.

நம் தாய்மாருக்கு இந்த அறிவு மருத்துவமனையிலும் பயன்படும். "குடத்தை ஏன் உடைக்கிறீர்கள்? தலை இறங்கியிருக்கிறதா?" என்று கேட்பதில் தவறில்லை. நீர் உடைந்தால் நேரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குடம் உடைந்தபின் கிருமித் தடுப்புச் சுவர் இல்லை. ஆகவே வலி தொடங்காவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

எங்கேனும் நீர் உடைந்தவுடன் கொடி வெளியே தெரிந்தால், அதைக் கையாளவோ உள்ளே தள்ளவோ கூடாது. தாய் முழங்காலிட்டு, மார்பு தரையில் படியக் குனிந்து, இடுப்பை உயர்த்தி வைத்திருக்கட்டும். தலையின் பாரம் கொடியை அழுத்துவது குறையும். ஊர்தியில் இடப்புறம் ஒருக்களித்துப் படுக்கவைத்து இடுப்பின் கீழ் தலையணை வையுங்கள். 108-ஐ அழைப்பதுதான் முதல் வேலை.