பேராசிரியர் போடும் ரகசிய ஓட்டு: "டிக்" அடித்தால் செல்லாது!

கவுன்சிலர் தேர்தல் தெரியும். எம்.எல்.ஏ. தேர்தல் தெரியும். கல்லூரி ஆசிரியர்கள் தங்களுக்குள்ளே நடத்துகிற தேர்தல் தெரியுமா?

சென்னை கடற்கரைச் சாலையில், சேப்பாக்கத்தில், சிவப்புக் கட்டிடமாக நிற்கிறதே, அதுதான் பல்கலைக்கழக செனட் மண்டபம். செனட் சபைக்கு ஆசிரியர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, 1923–ம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் வழி செய்திருக்கிறது.

இந்தத் தேர்தலில் மைக் கிடையாது. சுவர் விளம்பரம் கிடையாது. ஆனால் ஊர்த் தேர்தலில் இல்லாத ஒரு தலைவலி இதில் உண்டு.

எதிரி அடுத்த நாற்காலியில்!

ஊர்த் தேர்தலில் லட்சம் பேர் ஓட்டுப் போடுகிறார்கள். யார் யாருக்குப் போட்டார் என்பது கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடும். கல்லூரியில் அப்படியா? ஒரு துறையில் ஏழு பேர், எட்டுப் பேர் இருப்பார்கள். தேர்தலில் நிற்பவர் துறைத் தலைவர். ஓட்டுப் போடுகிறவர் நேற்று வேலைக்குச் சேர்ந்த உதவிப் பேராசிரியர். லீவு, வகுப்பு அட்டவணை, பதவி உயர்வுக்குச் சிபாரிசு எல்லாம் தலைவர் கையில்.

"அவன் நமக்குப் போடலை" என்று தெரிந்தால் போதும். சின்னவர் கதி என்ன?

அதனால்தான் இங்கே ரகசியம் பெரிய விஷயம்.

வேடிக்கையான சட்டம்

இங்கிலாந்தில் 1872–ல் ரகசிய ஓட்டுச் சட்டம் வந்தது. தொழிலாளிக்கும் கடைக்காரருக்கும் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் பல்கலைக்கழகத் தொகுதிகளுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள்! ஊருக்கெல்லாம் ரகசிய ஓட்டு. படித்தவர்களுக்கு மட்டும் பகிரங்க ஓட்டு. படித்தவரை யாரும் மிரட்ட முடியாது என்ற நினைப்போ, என்னவோ!

காட்டிக் கொடுக்கும் எண்

இத்தகைய தேர்தல்களில் முத்திரை குத்துவதில்லை. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எண் எழுத வேண்டும். மேல்–சபை உள்ள கர்நாடகம், ஆந்திரா, தெலுங்கானா மாநிலங்களில் ஆசிரியர் தொகுதித் தேர்தலும் இப்படித்தான். "டிக்" அடித்தால் செல்லாது. "ஒன்று" என்று எழுத்தால் எழுதக் கூடாது. கையெழுத்துப் போட்டால் ஓட்டு போச்சு. சாவடியில் கொடுக்கும் பேனாவைத்தான் தொட வேண்டும். மை நிறத்தை வைத்துக்கூட ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே!

இன்னொரு தந்திரமும் உண்டு. 10 பேர் போட்டியிட்டால், வரிசை எண்களை 36 லட்சத்து 28 ஆயிரத்து 800 விதமாக எழுதலாம். "எனக்கு 1 போடு. மிச்சத்தை நான் சொல்கிற வரிசையில் எழுது" என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை கொடுத்துவிட்டால்? எண்ணும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டு, யார் சொன்னபடி கேட்டார், யார் ஏமாற்றினார் என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடுவார்.

தடுக்க வழி என்ன? முழு வரிசையையும் சத்தமாக வாசிக்கக் கூடாது. ஏஜெண்டு பார்க்கலாம், குறிப்பு எடுக்கக் கூடாது. எல்லாத் துறைச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலக்காமல் எண்ணவே கூடாது.

தபால் ஓட்டில் ஓட்டை

தபாலில் சீட்டு அனுப்பினால் இரண்டு உறை வேண்டும். உள் உறையில் பெயர் இல்லாத சீட்டு. வெளி உறையில் ஓட்டுப் போட்டவர் விவரம். வெளி உறையைச் சரிபார்த்து ஒதுக்கிவிட்டு, உள் உறைகளைக் கலந்த பிறகே பிரிக்க வேண்டும். ஆனால், "சார், சீட்டை வெறுமனே கொடுங்க, நாங்க எழுதிக்கிறோம்" என்று யாராவது வீட்டு வாசலில் வந்து நின்றால், எத்தனை உறை இருந்தும் பயன் இல்லை. சாவடிக்கு வந்து, மறைப்புக்குப் பின்னால் நின்று போடுவதே பத்திரம்.

17 ஓட்டு கணக்கு

இத்தனை தொல்லைப்பட்டு எண் எழுதுவானேன்?

5 இடம், 100 ஓட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பேர் ஒரு கோஷ்டி, 40 பேர் இன்னொரு கோஷ்டி. ஒவ்வொருவரும் 5 பேருக்கு முத்திரை குத்தலாம் என்றால், 60 பேர் கோஷ்டி ஐந்து இடத்தையும் வாரிக்கொண்டு போய்விடும்.

எண் முறையில் அது நடக்காது. 100–ஐ 6–ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு, ஒன்று கூட்டினால் 17. அந்த 17 ஓட்டு எடுத்தவர் ஜெயித்தார். ஆறு பேர் 17 வாங்க 102 ஓட்டு வேண்டும். அதனால் ஐந்து பேருக்கு மேல் தாண்டவே முடியாது. ஜெயித்தவரின் உபரி ஓட்டும், கடைசியில் வந்தவரின் ஓட்டும் அடுத்த எண் உள்ளவருக்குப் போய்ச் சேரும். முடிவில் பெரிய கோஷ்டிக்கு 3, சின்ன கோஷ்டிக்கு 2. இருவருக்கும் நியாயம்.

தேர்தல் முடிந்த மறுநாள் ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டியவர்கள். யார் யாருக்குப் போட்டார் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை என்றால், தேர்தல் ஒழுங்காக நடந்திருக்கிறது!