பிறையும் தாமரையும்

பாட்டனார் காலத்துப் பெட்டியின் அடியில் கறுத்துப்போன வெள்ளி நாணயம் ஒன்று தங்கள் இல்லத்தில் கிடக்கிறதா? தடித்து, ஓரம் ஒழுங்கின்றி, தலை உருவம் எதுவுமின்றி, இருபுறமும் பார்ஸி எழுத்துகளே நிறைந்திருக்கிறதா? அப்படியாயின் அதனை உருக்கக் கொடுக்குமுன் சற்றே பொறுங்கள். அது ஆர்க்காட்டு ரூபாயாக இருக்கக்கூடும்.

புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர், கோட்டக்குப்பத்தைக் கடந்து பொம்மையார்பாளையத்தை அடைவர். இது விழுப்புரம் மாவட்டத்து ஊர். இன்னும் சிறிது தூரம் சென்றால் வரும் காலாப்பட்டோ மீண்டும் புதுச்சேரி நிலம். இவ்வாறு துண்டுபட்டுக் கிடக்கும் எல்லை, பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இக்கரையில் மல்லுக்கு நின்றதன் மிச்சம். அம்மல்லுக்கட்டின் மற்றொரு மிச்சமே இந்த வெள்ளிக்காசு.

கர்நாடக நவாப் தோஸ்த் அலீ கானிடமிருந்து ரூபாய் அச்சிடும் உரிமையை 1736 ஆம் ஆண்டில் புதுச்சேரி கவர்னர் துய்மா பெற்றார். நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை தம் குறிப்புகளை எழுதத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் வாளாவிருப்பரா? 1742 இல் அவர்களும் நவாபிடம் அவ்வுரிமையைப் பெற்றனர். ஸ்பானியரின் அமெரிக்க நாடுகளிலிருந்து ஐரோப்பா வழியே கப்பலேறி வந்த வெள்ளி, இவ்விரு அக்கசாலைகளிலும் ரூபாயாக மாறிற்று.

வியப்பு யாதெனில், கடலிலும் தரையிலும் போரிட்ட இவ்விருவரும் தத்தம் மன்னரின் பெயரைப் பொறிக்கவில்லை. தில்லி முகலாயப் பாதுஷாவின் பெயரையே பொறித்தனர். அச்சிட்ட இடத்தையும் ‘அர்காட்’ என்றே குறித்தனர். ஆர்க்காட்டில் நவாப் அச்சிட்ட காசிலும் அதே சொல். மூன்று அக்கசாலைகள், முகவரி ஒன்றே! காரணம் எளிது. வரி கட்டவும் நெசவாளருக்குக் கூலி கொடுக்கவும் மக்கள் நம்பிய காசு அதுதான். அறியாத காசைச் சராப்புகள் வட்டம் பிடித்துக்கொண்டே மாற்றித் தந்தனர்.

ஆகவே, எது எவருடையது என்பதைச் சின்னத்தைக் கொண்டே அறிய வேண்டும். பிறை இருப்பின் புதுச்சேரி. தாமரை இருப்பின் சென்னை. ஆண்டோ ஹிஜ்ரி ஆண்டு. குர்ஆன் ஓதப் பழகிய நம் பிள்ளைகள் அவ்வெண்களைத் தடையின்றிப் படித்துவிடுவர். நாணயம் சேர்ப்போர் பலருக்கு வாய்க்காத வசதி இது! ஹிஜ்ரி ஆண்டை 0.97 ஆல் பெருக்கி 622 ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. சென்னைக் காசுகள் பலவற்றில் ஹிஜ்ரி 1172 என்றும், இரண்டாம் ஆலம்கீரின் ஆறாம் ஆட்சியாண்டு என்றும் காணலாம். கணக்கிட்டால் 1759 வரும். அப்பாதுஷா அவ்வாண்டின் இறுதியிலேயே கொல்லப்பட்டார். ஆங்கிலேயரோ அவர் பெயரையும் ஆண்டையும் மாற்றாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அச்சிட்டு வந்தனர். வழவழப்பான, வட்டம் பிசகாத காசாயின் அது இயந்திரத்தில் அடித்த பிற்காலத்துக் காசு. 1835 இல் இந்தியா முழுமைக்கும் ஒரே கம்பெனி ரூபாய் வந்தபின் இப்பழக்கம் ஒழிந்தது.

இவ்வகை ரூபாய் ஏறத்தாழ 11 கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ளது. எடை வெகுவாகக் குறைந்திருந்தாலோ, விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு தெரிந்தாலோ ஐயுறுங்கள். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்காதீர்கள். கறுப்பு போவதோடு எழுத்தும் தேயும், சேகரிப்போரிடம் மதிப்பும் குறையும். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசுக்கும் இதே கதிதான். பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லா இடத்தில் வைத்தல் போதுமானது.

வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது காசுக்குடம் கிடைத்தால் அது வேறு விஷயம். 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வாழும் உறவினருக்கு இத்தகைய காசை அன்பளிப்பாகக் கொடுத்தனுப்ப எண்ணுவோரும் கவனிக்க: நூறாண்டு கடந்த நாணயம் 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதனை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல இயலாது. இங்குள்ளோர் பழங்காசுகளை நேரில் காண விரும்பினால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதிக்குச் சென்று வரலாம்.