குறியும் செயலியும்: வன்னியில் விலங்கு வளர்ப்போருக்கான வலையமைப்பொன்றின் வடிவமைப்புப் பற்றிய சில குறிப்புகள்

விலங்கு வளர்ப்போரைத் தம்முள் இணைக்கும் சமூக வலையமைப்புகள் மேனாட்டு நகரங்களிலே தோன்றியவை. 2004ஆம் ஆண்டிற் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பெற்ற 'டாக்ஸ்டர்' என்னும் இணையத்தளம் இவற்றின் முன்னோடிகளுள் ஒன்றாகும். அதன் புதுமை யாதெனின், பக்கம் மனிதனின் பெயரில் அமையாது நாயின் பெயரில் அமைந்தமையே. நாயின் படம், இனம், பிறந்தநாள், விருப்பு வெறுப்பு ஆகியன முன்னே நிற்க, உரிமையாளர் பின்னே மறைந்து நின்றார். பூனைகளுக்கும் 'கேட்ஸ்டர்' என்னும் தளம் அதே ஆண்டில் உருவாயிற்று. பின்னாளிற் கைத்தொலைபேசிச் செயலிகளாக வந்தவையும் பெரும்பாலும் இவ்வச்சிலேயே வார்க்கப்பட்டன. இத்தகைய செயலியொன்றை ஸ்கந்தபுரத்து மக்களுக்கென வடிவமைப்பதாயின் அது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்கந்தபுரம் கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, அக்கராயன்குளத்தை அண்டியுள்ள குடியேற்றக் கிராமம். நெல்லும் கால்நடையுமே அப்பகுதியின் வாழ்வு. ஆங்குள்ள பசுவுக்குப் பெயருண்டு. வாசலிற் படுத்திருக்கும் நாய்க்கும் பெயருண்டு. ஆயினும் அவற்றைச் 'செல்லப்பிராணி' என்னுஞ் சொல்லால் வழங்குவது பொருந்தாது. பசு பாலாகவும் எருவாகவும் பெண்பிள்ளையின் சீதனமாகவும் அவசரத்துக்கு விற்கக்கூடிய முதலாகவும் உள்ளது. நாய் காவலாக உள்ளது. நகரத்து உரிமையாளரின் குறை தனிமை. எனவே அவரது செயலி துணை தேடுவதாக அமைகின்றது. ஸ்கந்தபுரத்து உரிமையாளரின் குறை இழப்பு. எனவே அவருக்குரிய செயலி இழந்ததைத் தேடுவதாகவே அமைதல் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராது மேனாட்டு அச்சைப் பெயர்த்து இங்கு நாட்டினால் அது பயனற்றுப்போவது மட்டுமன்றித் தீங்கும் பயக்கலாம் என்பதே எமது கருத்து.

வன்னியில் மாடுகள் ஆண்டு முழுவதும் கட்டிநின்று உண்பவையல்ல. காலபோகச் செய்கைக் காலத்தில் அவை வயலைவிட்டு அகற்றப்பட்டுக் காட்டோரங்களுக்கும் குளத்து மேட்டுநிலங்களுக்கும் போகின்றன. அறுவடையின் பின் ஒட்டுவயல்களுக்குத் திரும்புகின்றன. மேய்ச்சற்றரை சுருங்கச் சுருங்க மந்தை நடக்கும் தூரம் கூடுகின்றது. பட்டிக்குத் திரும்பாதவை கட்டாக்காலிகளாகின்றன. இந்நிலையில் உடைமையை நிலைநாட்டுவதற்கு முன்னோர் கண்ட வழியே குறிசுடுதல். உரிமையாளரின் பெயரெழுத்துகளோ குடும்ப அடையாளமோ காய்ச்சிய இரும்பினால் மாட்டின் உடலிற் பொறிக்கப்பட்டது. இலங்கையில் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டமும் குறிசுடுதலையும் மாடுகளை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுசெல்லுதலையும் ஒழுங்குபடுத்துகின்றது. காதில் இலக்கமிட்ட வில்லை பொருத்துதல் பிற்காலத்து வழக்கு.

குறியை வெறும் சொத்தடையாளமாகக் கொள்வது போதாது. அது ஒரு செய்தித்தொடர்பு முறையுமாகும். தன் வயலிற் புகுந்த மாட்டின் குறியைக் கண்டவன், இன்ன ஊரில் இன்னாருடையது என்று அறிகின்றான். அறியாவிடின் அறிந்தவனிடம் கேட்கின்றான். செய்தி குளக்கட்டிலும் பால் சேகரிக்குமிடத்திலும் தேநீர்க்கடையிலுமாகக் கைமாறி உரியவரை அடைகின்றது. இங்கு நோக்கற்பாலது ஒன்றுண்டு. குறி யாவருக்கும் வெளிப்படையானது. ஆனால் அது மாடு யாருடையது என்பதை மட்டுமே கூறும். எங்கே நிற்கின்றது, பட்டியில் எத்தனை உருப்படி உண்டு, இரவில் யார் காவல் என்பவற்றைக் கூறாது. டாக்ஸ்டர் போன்றவற்றில் விலங்கு முன்னும் உரிமையாளர் பின்னும் நின்றமை போலவே இங்கும் விலங்கே முன்னிற்கின்றது. எனினும் இடம் மறைவாகவே இருக்கின்றது. செயலியின் வடிவமைப்புக்கு இதனைக் காட்டிலும் சிறந்த முன்மாதிரி வேண்டியதில்லை.

நிரை கவர்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சியிலேயே தொடங்குகின்றது; நிரை மீட்டலைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையெனத் தனித் திணையாக்கியது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இற் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று 'ஆகோள்' என்ற சொல்லையே தாங்கி நிற்கின்றது. திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூர் நடுகல் நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அக்கல், தொறு மீட்டு மாண்ட வீரனோடு அவனது நாயையும் செதுக்கி, 'கோவிவன்' என்னும் அதன் பெயரையும், கள்வர் இருவரைக் கடித்து அது காத்துநின்ற செய்தியையும் பொறித்துள்ளது. ஒரு நாய்க்குத் தன் பெயரும் உருவமும் செயலும் தாங்கிய பொதுப்பக்கம் ஏழாம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டது என்று வேடிக்கையாகக் கூறலாம். வேடிக்கை ஒருபுறமிருக்க, கால்நடை உள்ள இடத்திற் கள்வரும் உளர் என்பதை இக்கற்கள் நினைவூட்டுகின்றன. வன்னியில் மாட்டுக்களவு இன்றும் பழங்கதையாகிவிடவில்லை.

இனி, ஒரு வீட்டின் நாகு மாலையிற் பட்டிக்குத் திரும்பவில்லை என்று கொள்வோம். வழமையான சமூகச் செயலியிற் பிள்ளை செய்யக்கூடியது என்ன? நாகின் படத்தையும் குறியையும் வயதையும் இட்டு, கடைசியாக நின்ற இடத்தை நிலப்படத்திற் புள்ளியாகக் காட்டி, வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்து யாவரும் காணும்படி வெளியிடுவான். அன்பினாற் செய்த இச்செயல் மூவகைத் தீங்குக்கு இடமளிக்கின்றது. தேடுவாரற்ற விலங்கு எங்கே நிற்கின்றது என்பது கள்வனுக்குத் தெரியவருகின்றது. குறியும் நிறமும் முழுமையாக வெளிவந்தமையால், எவரும் அவற்றை ஒப்புவித்து உரிமை கோரலாம். வீட்டார் காட்டிற்குட் தேடச் சென்றிருக்கின்றனர், பட்டி காவலின்றியிருக்கின்றது என்பதும் ஊகிக்கப்படுகின்றது.

முதலாவது தீங்குக்குப் பரிகாரம் கணக்கிலேயே உண்டு. கைத்தொலைபேசி தன் இடத்தை அகலாங்கு நெட்டாங்குப் பாகைகளாக அறிகின்றது. பாகையைத் தசமத்தின் நான்காம் தானம்வரை எழுதினால் அவ்விடம் ஏறத்தாழ 11 மீற்றருக்குள் அடங்கும். அதாவது மரத்தடியையே சுட்டும். இரண்டாம் தானத்தோடு நிறுத்தினால் ஏறத்தாழ 1.1 கிலோமீற்றருக்குள் அடங்கும். அதாவது குளத்தின் இன்ன பக்கம் என்பதை மட்டுமே கூறும். தேட முனையும் அயலவனுக்கு இது போதும். இரவில் வாகனத்தோடு வருபவனுக்குப் போதாது. ஆயினும் இம்முறையிலும் ஓர் ஓட்டையுண்டு. ஒரே பட்டியிலிருந்து பலமுறை இடங்கள் பதிவானால், அவற்றின் நடுவைக் கொண்டு பட்டியின் இருப்பிடத்தைக் கணித்துவிடலாம். ஆகவே பட்டியின் இடத்தைச் செயலி எக்காலத்தும் கேட்டுப் பெறாதிருத்தலே தக்கது. கேளாத செய்தி கசியாது. படக்கோப்பினுள் எடுக்கப்பட்ட இடமும் நேரமும் மறைவாகப் பதிந்திருப்பதுண்டு. அவை வெளியிடுமுன் நீக்கப்படல் வேண்டும். படங்களை நம்பிப் பழகிய வடிவமைப்பாளர் பலர் மறப்பது இதனையே.

இரண்டாவது தீங்குக்குப் பரிகாரம் கிராமத்துப் பொதுப்புத்தியில் உள்ளது. தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவன், 'இது உம்முடையதோ' என்று காட்டிக் கேட்பதில்லை. 'உம்முடையது எப்படிப்பட்டது' என்றே கேட்பான். செயலியும் அவ்வாறே செய்தல் வேண்டும். விலங்கைப் பதியும்போது வெளியே தெரியும் அடையாளங்களோடு, உரிமையாளர் மட்டுமே அறிந்த ஓர் அடையாளத்தையும் பதிவித்து மறைத்து வைக்கலாம்: இடக்காதின் உட்புறத் தழும்பு, கூப்பிட்டால் திரும்பும் பெயர் என்றாற்போல. கண்டவர் ஓரடையாளத்தை மறைத்து அறிவிப்பார். கோருபவர் அதனைக் கூறுவார். இரண்டும் பொருந்தினால் மட்டுமே செயலி இருவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தும். தொலைபேசி இலக்கம் அதுவரை வெளிப்படாது. நகரத்து நாய்களின் தோலடியிற் செலுத்தப்படும் நுண்சில்லும் இத்தத்துவத்தையே பின்பற்றுகின்றது. அதிலுள்ளது 15 இலக்கங்கொண்ட எண் ஒன்றே, இடமுமில்லை, பெயருமில்லை.

யாரை உட்சேர்ப்பது என்பது அடுத்த வினா. 2011இல் அமெரிக்காவில் வெளிவந்த 'நெக்ஸ்ட்டோர்' என்னும் அயலவர் வலையமைப்பு, முகவரி உறுதிப்படுத்தப்பட்டவர்களை மட்டுமே அந்தந்த அயலிற் சேர்த்தது. ஊரோடொட்டிய வலையமைப்புக்கு இக்கட்டுப்பாடு இன்றியமையாதது. ஆனால் வன்னியில் முகவரிக் கடிதத்தைக் காட்டிலும் வலிய சான்று ஒருவரை ஒருவர் அறிந்திருத்தலேயாகும். ஏற்கெனவே உள்ள இருவர் உறுதிகூறப் புதியவர் சேர்க்கப்படலாம். உறுதிகூறியோரின் பெயர் அவரது பதிவோடு நிற்கும். இதனால் வளர்ச்சி மெதுவாகும் என்பது உண்மையே. எனினும் நாடெங்கும் பரந்து கிடக்கும் பத்தாயிரம் பேரினும் ஸ்கந்தபுரம், அக்கராயன், வன்னேரிக்குளம் ஆகிய அயல்களிலுள்ள இருநூறு பேர், தொலைந்த நாகு ஒன்றைத் தேடுவதற்குப் பயன்படுவர். வெற்று வலையமைப்பில் எவரும் தங்கார் என்பது இத்துறையின் பழைய சிக்கல். ஓரூரை நிரப்பியபின் அடுத்த ஊருக்குச் செல்வதே அதற்கு விடை.

நாய்களைப் பற்றியும் கூறவேண்டும். இலங்கையில் நாய்ப்பதிவுக் கட்டளைச்சட்டம் 1901ஆம் ஆண்டு தொட்டு இருக்கின்றது. விசர்நோய்க் கட்டளைச்சட்டம் அதற்கும் முந்தியது, 1893ஆம் ஆண்டினது. மனிதருக்கு உண்டாகும் விசர்நோயில் ஏறக்குறைய 99 வீதம் நாய்களாலேயே தொற்றுகின்றது என்றும், நாய்களுள் 70 வீதத்துக்குத் தடுப்பூசி ஏற்றினால் அதன் பரவலை நிறுத்தலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஆகவே நாயின் பக்கத்தில் அழகிய படத்தினும் முக்கியமானது தடுப்பூசி ஏற்றிய திகதியாகும். ஊரிலே எத்தனை நாய்க்கு ஊசி தவணை தப்பியது என்ற தொகையைப் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகம் காணட்டும். யார் வீட்டு நாய் என்பதை ஊரார் காணவேண்டியதில்லை. கண்டால் அது வேலிச்சண்டையாகவே முடியும்.

நோய், இயற்கை அனர்த்தம் ஆகிய காலங்களில் இவ்வலையமைப்பின் பயன் வேறொரு வகையிற் புலப்படும். 2020இல் வடமாகாணத்து மாடுகளிடையே தோற்கழலை நோய் பரவியது. இரத்தம் உறிஞ்சும் ஈக்களாலும் நுளம்புகளாலும் பரவும் இந்நோயில், முதற் கட்டிகள் எங்கே தோன்றின என்பதை விரைந்தறிதலே பாதி மருத்துவம். 2022 திசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த கடுங்குளிரால் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் ஓரிரு நாட்களில் மடிந்தன. கொள்ளைநோயோ என்ற அச்சம் எழுந்து, இறைச்சியைக் கொண்டுசெல்வதற்குத் தற்காலிகத் தடையும் வந்தது. பின்னரே குளிரதிர்ச்சியே காரணமென அறிவிக்கப்பட்டது. இத்தகைய வேளையிற் சமூகச் செயலி வதந்தியையும் பரப்பும், உண்மையையும் பரப்பும். எனவே நோய் பற்றிய செய்தி உறுப்பினரிடமிருந்து நேரே ஊருக்குப் போகாது, முதலிற் கால்நடை வைத்தியரிடம் போய், அவரது குறிப்போடு ஊருக்குத் திரும்புதல் வேண்டும். முன்னறிவிப்பு மட்டும் தாமதமின்றி யாவரையும் அடையலாம்: 'இன்றிரவு குளிர் கடுமை, கன்றுகளை ஒதுக்கிடத்திற் கட்டுக' என ஒரு வரி.

கருவியைப் பற்றிச் சில சொற்கள். ஒரு வீட்டிற்கு ஒரு நல்ல தொலைபேசி என்பதே பல இடங்களில் நிலை. அதுவும் பிள்ளையின் கையில் இருக்கும். ஆகவே கணக்கு ஆளுக்கன்றிப் பட்டிக்கு உரியதாகட்டும். மாட்டை அறிந்தவர் முதியவர்; அவருக்குத் தட்டெழுதுதல் அரிது; குரலிற் கூறியதை அப்படியே அனுப்பும் வசதி வேண்டும். காட்டோரத்தில் அலைவரிசை கிடைக்காதபோது பதிவைச் சேமித்து, கிடைத்தபின் அனுப்புதல் வேண்டும். மூன்று நான்கு மெகாபைற் படத்தை நூறு கிலோபைற்றாகச் சுருக்கினாலும் குறி தெளிவாகவே தெரியும். குறியின் வடிவத்தை விரலாற் கீறித் தேடும் வசதியொன்றையும் அமைக்கலாம். எழுத்தும் கோடும் வளையமும் கலந்த குறிகளைச் சொல்லால் எழுதித் தேடுவது கடினம்.

ஈற்றில் ஒன்று. 1996இற் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது அக்கராயன், ஸ்கந்தபுரம் பகுதிகள் வந்தோரைத் தாங்கின. 2008இன் பிற்பகுதியில் அவையும் இடம்பெயர்ந்தன. கிழக்கு நோக்கிப் போனோர் மாடுகளை அவிழ்த்துவிட்டே போக நேர்ந்தது. மீண்டுவந்தோர் பற்றைக்குள் அலைந்த மந்தைகளிடையே தம்முடையதைத் தேடியபோது, உறுதியும் சீட்டும் அழிந்திருந்தன. தோலிற் சுட்ட குறியே எஞ்சியிருந்தது. தொலைபேசியும் வழங்கிக் கணினியும் மின்சாரமும் ஒரே நாளில் இல்லாது போகக்கூடும் என்பதை அனுபவத்தால் அறிந்த மக்களுக்கு, எல்லாவற்றையும் தூரத்துக் கணினியில் வைத்திருக்கிறோம் என்று கூறுவது ஆறுதலாகாது. ஆண்டுக்கொருமுறை, காலபோக அறுவடை முடிந்தபின், ஊரின் குறிகள் அனைத்தையும் படமும் பட்டியலுமாகத் தாளில் அச்சிட்டெடுக்கும் பொத்தான் ஒன்று செயலியில் இருத்தல் வேண்டும். அப்பட்டியலிற் குறியும் உரியவர் பெயரும் மட்டும் இருக்கும். ஒரு படி கிராம அபிவிருத்திச் சங்கத்திடம். ஒரு படி கால்நடை வைத்திய அலுவலகத்தில். ஒரு படி, ஊரைவிட்டு வெகுதூரம் வாழும் உறவினர் ஒருவரிடம்.