தேடினால் கிடைப்பதும் தேடியும் கிடைக்காததும்

ஒரு காலத்தில் ஐயம் தோன்றினால் ஆசிரியரிடம் கேட்டோம். அவருக்கும் தெரியாவிட்டால் நூலகத்துக்கு நடந்தோம். இன்று சிட்னியின் வென்ற்வேர்த்வில் ஆயினும் மெல்பேர்ணின் டண்டினோங் ஆயினும், நம்மவர் இல்லங்களில் ஐயம் தோன்றிய மறுகணம் ஒலிக்கும் வாக்கியம் ஒன்றே: "கூகிளில் போட்டுப் பாருங்கோ." பேத்தி அப்பப்பாவுக்குச் சொல்லும் அறிவுரையும் இதுவே.

நாம் கணினி விற்பன்னர் அல்லோம். பஸ் நேரத்துக்கும், அருஞ்சொல் ஒன்றின் பொருளுக்கும், தொடர்பறுந்த நண்பர் ஒருவரின் பெயருக்குமாக நாளாந்தம் தேடுபொறியை நாடுகின்ற சாதாரண பாவனையாளர் மட்டுமே. அந்த நிலையில் நின்று சில எண்ணங்களை வாசகர் முன் வைக்கின்றோம். ஏனெனில், அப்பொறி எதைத் தருகின்றது என்பதைப் போலவே எதைத் தரவில்லை என்பதும் ஏதிலிகளாக வந்த ஒரு சமூகத்துக்கு முக்கியமானது.

மேற்கோளில் பிறந்த பொறி

கூகிள் நிறுவனம் 1998 செப்டெம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தோன்றியது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த லரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகிய இருவர் அதனைத் தொடக்கினர். ஒன்றுக்குப் பின்னால் நூறு பூச்சியங்கள் கொண்ட பேரெண்ணுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே சற்றுத் திரிந்து நிறுவனத்தின் பெயராயிற்று.

அவர்களுக்கு முன்னரும் தேடுபொறிகள் இருந்தன. அவை தேடப்படும் சொல் பக்கத்தில் எங்கே, எத்தனை முறை வருகின்றது என்பதையே பெரிதும் நோக்கின. இவ்விருவரோ வேறொரு வினாவை எழுப்பினர்: இந்தப் பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன? சுட்டுகின்ற பக்கங்களின் தகுதி யாது?

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிய எமக்கு இது பழகிய முறைதான். ஓர் ஆய்வுக் கட்டுரையின் பெறுமதியை, பிற ஆய்வாளர் எத்தனை பேர் அதனை மேற்கோள் காட்டினர் என்பதைக் கொண்டு அளப்பது கல்வியுலகின் வழக்கம். அம்முறையின் குறையும் நாம் அறிந்ததே. மேற்கோள் மிகுதியாகப் பெற்றதெல்லாம் உண்மையாகிவிடுவதில்லை; பெறாததெல்லாம் பயனற்றதுமன்று. பெரிய மொழியில் எழுதியவர் பலரால் சுட்டப்படுவார். சிறிய ஊரொன்றைப் பற்றித் தமிழில் எழுதியவரைச் சுட்ட ஆளிராது. இன்று அந்நிறுவனம் வேறு பல அளவுகோல்களையும் கையாள்கின்றது. எனினும் அடிப்படை ஒன்று மாறவில்லை. பிறர் சுட்டாதது பின்னே தள்ளப்படுகின்றது. எவரும் இணையத்தில் இடாததோ தேடலில் வருவதேயில்லை.

கண்ணுக்குத் தமிழ், பொறிக்கு அன்று

இணையத்தில் இட்டவை யாவும் கிடைத்தனவா என்றால், அதுவும் இல்லை. 1990களின் பிற்பகுதியில் புலம்பெயர்ந்த தமிழர் இணையத்தில் எழுதத் தொடங்கியபோது பாமினி போன்ற எழுத்துருக்களே கைகொடுத்தன. அவை ஆங்கில எழுத்துகளின் மீது தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. பாமினியில் 'தமிழ்' என்று தட்டெழுதினால் திரையில் தோன்றுவது தமிழ். கணினியின் உள்ளே பதிவாவதோ நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். மனிதர் வாசிக்கலாம், தேடுபொறிக்கு அது பொருளற்ற எழுத்துக் கோவை.

யுனிகோட் குறியீட்டு முறையில் 1991 முதலே தமிழுக்குத் தனியிடம் இருந்தது. ஆயினும் அது நம்மவர் கணினிகளுக்கு வந்து சேரப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. தமிழ்நாடு அரசு அதனை ஏற்றுக்கொண்டது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட செய்திகள், கவிதைகள், இரங்கலுரைகள் ஆகியவற்றுள், பின்னர் யுனிகோட்டுக்கு மாற்றப்படாதவை தமிழில் தேடுவோருக்கு அகப்படுவதில்லை. எவரும் தீ வைக்காமலே சாம்பலான ஏடுகள் அவை.

எழுத்துக்கூட்டலின் தொல்லை வேறு. நாம் 'அவுஸ்திரேலியா' என்கின்றோம். தமிழ்நாட்டவர் 'ஆஸ்திரேலியா' என்கின்றனர். இரண்டையும் இட்டுப் பார்த்தால் ஒரே விடைகள் வருவதில்லை. நம் பிள்ளைகளோ ஆங்கிலத்தில் தேடுகின்றனர். வல்வெட்டித்துறை என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதிலேயே அவர்கள் தடுமாறுகின்றனர்.

ஒரு நாடு தேடலை இழக்கவிருந்த கதை

இந்தப் பொறி பொதுச் சொத்தன்று என்பதை அவுஸ்திரேலியா 2021இல் கண்டுகொண்டது. செய்தி நிறுவனங்களின் ஆக்கங்களைப் பயன்படுத்தும் இணையப் பெருநிறுவனங்கள் அவற்றுக்குப் பணம் செலுத்த வேண்டும் என்ற சட்டத்தை அரசாங்கம் கொண்டுவர முனைந்தது. 2021 ஜனவரி 22ஆம் நாள் செனட் குழுவின் முன் தோன்றிய கூகிளின் அவுஸ்திரேலியத் தலைவர் மெல் சில்வா, சட்டம் அதே வடிவில் நிறைவேறுமாயின் இந்நாட்டில் தேடல் சேவையை நிறுத்துவதைத் தவிர வேறு வழியிராது என்றார். அச்சுறுத்தல்களுக்குத் தாம் பதிலளிப்பதில்லை என்றார் அன்றைய பிரதமர் ஸ்கொட் மொரிசன். பெப்ரவரி 18ஆம் நாள் முகநூல் நிறுவனம் இந்நாட்டவர் செய்திகளைப் பார்ப்பதையே தடுத்தது. பின்னர் திருத்தங்களுடன் சட்டம் நிறைவேறியது. கூகிளும் பெரிய செய்தி நிறுவனங்களுடன் உடன்படிக்கைகள் செய்துகொண்டு இங்கேயே தங்கியது.

இதில் நமக்குரிய பாடம் யாது? தேடலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒரே நிறுவனத்தின் வாயிலாக நிகழும் நாட்டில், அக்கதவை மூடுவோம் என்று சொல்லும் வலு அந்நிறுவனத்திடம் இருந்தது. சட்டத்தின் பயனைப் பெறப் பதிவு செய்வதற்கு, ஊடகமொன்று ஆண்டுக்கு 150,000 டொலருக்கு மேல் வருமானம் ஈட்ட வேண்டும் என்ற விதியும் இருந்தது. கோயில் மண்டபத்திலும் மளிகைக் கடையிலும் இலவசமாக வைக்கப்படும் சிறு சமூக ஏடுகளுக்கு இது எட்டாக்கனி. ஆகவே பெரியவர்கள் பேரம் பேசி நமக்கும் சேர்த்து எதையேனும் பெற்றுத்தருவர் என்று காத்திருப்பதில் பயனில்லை.

எல்லாவற்றையும் இடலாமா?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். அகதியாக வந்தவரின் பெயர் தேடலில் வருவது எப்போதும் பெருமைக்குரியதன்று. ஊர்வலத்தில் எடுத்த ஒரு படமும் அதன் கீழ் அச்சிட்ட ஒரு பெயரும் ஊரிலிருக்கும் உறவினருக்கு இடர் தரக்கூடும். காலங்கடந்த, பொருத்தமற்ற தேடல் விடைகளை நீக்குமாறு கோரும் உரிமை தனிமனிதருக்கு உண்டென்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. இங்கோ, மெல்பேர்ண் வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த அவதூறு வழக்கில், செய்திக் கட்டுரை ஒன்றுக்கு இணைப்பைக் காட்டியதால் மட்டும் கூகிள் அக்கட்டுரையின் வெளியீட்டாளர் ஆகிவிடாது என 2022 ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவின் அதியுயர் நீதிமன்றம் கூறியது. எனவே இடுவதற்கு முன் சிந்திப்பது நமது பொறுப்பு. உயிரோடிருப்பவரின் பெயரையும் படத்தையும் அவரது இசைவின்றி இடலாகாது. ஊரின் வரலாற்றுக்கும் தனிமனிதரின் மறைவுக்கும் இடையே கோடு கீறத்தான் வேண்டும்.

பெட்டிகளில் உறங்கும் ஏடுகள்

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. அந்த இழப்பை அறிந்த இனம் ஏடுகளின் அருமையை எவரிடமும் கற்க வேண்டியதில்லை. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களையும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் இலவசமாகப் பார்க்க இணையத்தில் இட்டு வருகின்றன. அவை பெரும்பாலும் தன்னார்வலரின் உழைப்பால் வளர்ந்தவை.

நம் வீடுகளிலும் அத்தகைய செல்வம் உண்டு. பாடசாலை நூற்றாண்டு மலர், கும்பாபிஷேக மலர், நாடக அரங்கேற்றத்தின் கைந்நூல், அந்தியேட்டி நாளில் வழங்கப்பட்ட கல்வெட்டு ஆகியன கராஜ்களில் அட்டைப் பெட்டிகளுக்குள் உறங்குகின்றன. ஒரு கிராமத்தின் குடும்பங்கள், தொழில்கள், குளங்கள், கிணறுகள் பற்றிய செய்தி கல்வெட்டு ஒன்றைத் தவிர வேறெங்கும் அச்சேறியிராது. முதியவர் ஒருவர் மறைந்து வீடு கைமாறும்போது இப்பெட்டிகள் குப்பை லொறியில் ஏறுகின்றன.

2024 முதல் தேடுபொறி இணைப்புகளை மட்டுமன்றி, இணையத்தில் கண்டவற்றைத் தானே தொகுத்து விடையாகவும் எழுதித் தருகின்றது. நம் ஊரைப் பற்றி நாம் எழுதாவிடில், பிறர் எழுதியதைக் கொண்டே அவ்விடை அமையும். நம் பேரப்பிள்ளைகள் அதனை உண்மையென நம்புவர்.

செய்ய வேண்டியது பெரிதன்று. ஏட்டைப் பக்கம் பக்கமாகப் படியெடுக்க இன்று கைத்தொலைபேசியே போதும். பின்னர் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, ஊர் ஆகிய நான்கையும் யுனிகோட் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டெழுதிச் சேர்க்க வேண்டும். அவையின்றேல் படம் மட்டும் இருந்தும் தேடுவோர் கைக்கு வருவது அரிது. அவுஸ்திரேலியத் தேசிய நூலகம் 2009இல் தொடக்கிய 'ட்ரோவ்' தளத்தில், பழைய செய்தித்தாள்களைப் பொறி பிழையாக வாசித்த இடங்களைப் பொதுமக்களே வரி வரியாகத் திருத்தி வருகின்றனர். இந்நாட்டவர் தம் முன்னோரின் செய்திகளுக்காகச் செய்வதை நாமும் செய்யலாம்.

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000 பேரளவில் உள்ளனர். வீட்டுக்கு ஓர் ஏடு என்றாலும் ஒரு நூலகம் எழுந்துவிடும். அடுத்த விடுமுறையில் ஒரு பெட்டியையேனும் திறந்து பாருங்கள். பாட்டனாரையும் அருகில் இருத்திக்கொள்ளுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர்கள் அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.