உங்களுக்குத் தெரியுமா?: மூலத்தைக் கைவிட்ட அனிமே

ஜப்பானில் கையூ ஷிராய் கதையெழுத, போசுகா தெமிசு சித்திரம் தீட்ட, 2016 முதல் 2020 வரை ‘ஷோனென் ஜம்ப்’ வாரப் பத்திரிகையில் 181 அத்தியாயங்களாக வெளிவந்த ‘தி பிராமிஸ்டு நெவர்லேண்ட்’ என்னும் மாங்கா (ஜப்பானியச் சித்திரக் கதை), தாம் வளரும் அநாதை விடுதி அரக்கர்களுக்கு ஆகாரமாகப் பிள்ளைகளை வளர்க்கும் பண்ணையே என்றறிந்து தப்பியோடும் குழந்தைகளின் கதையாகும். அதைத் தழுவி 2019-இல் வந்த அனிமேயின் (அசைவூட்டத் தொடரின்) முதற் பருவம், முதல் 37 அத்தியாயங்களை 12 பகுதிகளில் நிதானமாகச் சொல்லி, மூலத்துக்குப் பெருமையே சேர்த்தது.

2021-இல் வந்த இரண்டாம் பருவமோ, எஞ்சிய 144 அத்தியாயங்களின் விஷயத்தை 11 பகுதிகளுக்குள் அடக்க முற்பட்டு, வாசகர் பெரிதும் போற்றிய ‘கோல்டி பாண்ட்’ வேட்டைக் களப் பர்வத்தை அடியோடு நீக்கியதோடு, அதன் உயிர்நாடியான யூகோ என்ற பாத்திரத்தையும் விட்டொழித்தது. முடிவு அதனினும் விசித்திரம்: அரக்கருலகை மாற்றியமைக்க கதாநாயகி எம்மாவும் தோழர்களும் செய்யும் பிரயத்தனங்கள் யாவும், இறுதிப் பகுதியில், அசையாத படங்களின் வரிசையாகச் சில நிமிஷங்களில் ஓடி மறைந்துவிடுகின்றன. அசைவையே ஜீவனாகக் கொண்ட கலைக்கு இது அடுக்குமா என்று ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் உண்டு.

முதற் பருவத்தோடு நிறுத்திக்கொண்டு, 38-ஆம் அத்தியாயத்திலிருந்து மாங்காவைப் படிப்பதே உசிதம்.