பிரான்சில் மரபுரிமைப் பாதுகாப்பு

பிரான்சில் மரபுரிமைப் பாதுகாப்பு என்பது அந்நாட்டின் பழங்கால தேவாலயங்கள், கோட்டைகள், அரண்மனைகள், நகரப் பகுதிகள் முதலியவற்றைச் சட்டத்தின் துணையுடன் பேணிக் காக்கும் முறைமையைக் குறிக்கும். இன்று அங்கு ஏறத்தாழ 45,000 கட்டடங்கள் வரலாற்றுச் சின்னங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. தனியாருக்குச் சொந்தமான கட்டடங்களும் இவற்றுள் பெருமளவில் உள்ளன.

தோற்றம்

1789 இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியின்போது திருச்சபையின் சொத்துக்கள் அரசுடைமை ஆக்கப்பட்டன. முடியாட்சியை நினைவூட்டிய பல சின்னங்கள் தகர்க்கப்பட்டன. 1793 இல் செயின்ட் டெனிஸ் தேவாலயத்தில் இருந்த அரச கல்லறைகள் திறக்கப்பட்டுச் சிதைக்கப்பட்டன. மத்திய கால ஐரோப்பாவின் மிகப் பெரிய தேவாலயங்களுள் ஒன்றான குளூனி மடாலயத் தேவாலயம் விற்கப்பட்டு, கற்களுக்காக இடிக்கப்பட்டது. அதன் சிறு பகுதியே இன்று எஞ்சியுள்ளது.

இவ்வழிவைக் கண்டித்த ஆன்றி கிரெகுவார் என்னும் பாதிரியார், 1794 இல் தேசியப் பேரவைக்கு அளித்த அறிக்கைகளில், ரோமைச் சூறையாடிய வண்டல் இனத்தாரின் பெயரிலிருந்து உருவான 'வண்டலிசம்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அச்சொல் பின்னர் உலகெங்கும் பரவியது. அழிவிலிருந்து தப்பிய சிற்பங்களைத் திரட்டிய அலெக்சாண்டர் லெனுவார், 1795 இல் பாரிசில் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார். மன்னர்களின் சின்னங்களும் மக்களுக்கு உரியவையே என்ற கருத்து இக்காலத்தில்தான் வலுப்பெற்றது.

மெரிமேயும் வியோலே-லெ-டுக்கும்

1830 இல் வரலாற்றுச் சின்னங்களுக்கான தலைமை ஆய்வாளர் பதவி உருவாக்கப்பட்டது. 1834 இல் அப்பதவியை ஏற்ற எழுத்தாளர் புரோஸ்பர் மெரிமே நாடெங்கும் பயணம் செய்து, சிதைந்துவந்த கட்டடங்களைப் பதிவு செய்தார். 1837 இல் வரலாற்றுச் சின்னங்கள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1840 இல் முதல் பட்டியல் வெளியானது. விக்டர் ஹியூகோ 1831 இல் வெளியிட்ட புதினம், பாரிசின் நோட்ரே டேம் பேராலயத்தின் சீரழிந்த நிலையை மக்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

அப்பேராலயத்தைச் சீரமைத்தவர்களுள் முதன்மையானவர் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக். தென்பிரான்சின் கார்க்கசோன் கோட்டை நகரையும் அவர் 1853 முதல் புதுப்பித்தார். இடிக்கப்படவிருந்த அந்நகரின் மதில்கள் இவ்வாறு காப்பாற்றப்பட்டன. எனினும், அவர் அமைத்த கூம்பு வடிவக் கற்பலகைக் கூரைகள் தென்பகுதிக்கு உரியவை அல்ல என்று பலர் குறை கூறினர். பழுதை மட்டும் நீக்குவதா, அல்லது கட்டடத்தை முழுமையான வடிவுக்குக் கொண்டுவருவதா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. 1997 இல் கார்க்கசோன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சட்டங்கள்

1887 ஆம் ஆண்டுச் சட்டம் முதன்முறையாகச் சின்னங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. ஆனால் தனியார் கட்டடத்தைப் பட்டியலிட உரிமையாளரின் இசைவு தேவைப்பட்டது. 1913 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுநலன் கருதி அவ்விசைவு இன்றியும் பட்டியலிட இயலும். பட்டியலிடப்பட்ட கட்டடத்தை அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ கூடாது. 1943 இல், சின்னத்தைச் சுற்றி 500 மீட்டர் வரையிலான பகுதிக்கும் கட்டுப்பாடு விரிவாக்கப்பட்டது. பண்பாட்டு அமைச்சர் ஆந்திரே மால்ரோவின் பெயரால் அறியப்படும் 1962 ஆம் ஆண்டுச் சட்டம், பாரிசின் மரே போன்ற முழு நகரப் பகுதிகளையும் பாதுகாக்க வழிசெய்தது.

அண்மைக் காலம்

19 ஆம் நூற்றாண்டின் இரும்புக் கட்டடங்கள் நீண்ட காலம் மரபுரிமையாக மதிக்கப்படவில்லை. பாரிசின் மையச் சந்தையான லே ஆலின் இரும்பு மண்டபங்கள் 1971 இல் எதிர்ப்பையும் மீறி இடிக்கப்படத் தொடங்கின. இவ்விழப்பு மக்களின் மனப்பாங்கை மாற்றியது. இடிக்கப்படவிருந்த ஓர்சே தொடருந்து நிலையம் காப்பாற்றப்பட்டு, 1986 இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1984 முதல் ஆண்டுதோறும் செப்டம்பரில் மரபுரிமை நாட்கள் கொண்டாடப்படுகின்றன. வழக்கமாக மூடப்பட்டிருக்கும் பல கட்டடங்களையும் அந்நாட்களில் பொதுமக்கள் பார்வையிடலாம்.

2019 ஏப்ரல் 15 அன்று நோட்ரே டேமில் ஏற்பட்ட தீயில் கூரையும் கோபுர முனையும் எரிந்து வீழ்ந்தன. புதுப்பாணியில் முனையை அமைக்கலாம் என்ற யோசனை எழுந்தபோதிலும், முன்பிருந்தவாறே கட்டுவதென 2020 இல் முடிவாயிற்று. தச்சர்கள் மத்திய கால முறையைப் பின்பற்றிக் கைக்கோடரியால் கருவாலி மரங்களைச் செதுக்கினர். பேராலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாறு மீட்டெடுக்கப்பட்ட முனை, 19 ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-டுக் வடிவமைத்துச் சேர்த்ததாகும். ஒரு காலத்தில் புதிய சேர்க்கையாக இருந்த ஒன்று, பின்னாளில் தானே மரபுரிமையாகிவிடுகிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.