குடலுக்குப் போடும் மாத்திரை மனச்சோர்வைத் தீர்க்குமா?

மனநிலையோடு தொடர்புபடுத்தப்படும் செரட்டோனின் என்ற ரசாயனத்தில், உடலில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது, ஆகவே குடலைச் சரிசெய்தால் மனச்சோர்வு விலகிவிடும் என்கிறார்கள். நன்மை தரும் பாக்டீரியா அடங்கிய ப்ரோபயாடிக் மாத்திரைகளை இளைஞர்களிடம் விற்க அதிகம் சொல்லப்படும் வாதம் இது. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி அதிலிருந்து கிடைப்பதல்ல. குடலில் சுரக்கும் செரட்டோனின் பெரும்பாலும் குடலின் அசைவுக்கே பயன்படுகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது தாண்டுவதில்லை. மூளை தனக்கு வேண்டிய செரட்டோனினைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

அதற்காகக் குடலுக்கும் மனதுக்கும் தொடர்பே இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வை இத்துறையில் எல்லோரும் சொல்வார்கள். லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியா ஒன்றை உண்ட சுண்டெலிகளைத் தண்ணீரில் விட்டபோது, அவை மற்ற எலிகளைப் போலச் சீக்கிரம் முயற்சியைக் கைவிடவில்லை. மன அழுத்த ஹார்மோனும் அவற்றின் ரத்தத்தில் குறைவாகவே ஏறியது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் துண்டித்ததும் அந்தப் பலன் மறைந்துபோனது. செய்தி எந்த வழியாகப் போகிறது என்பதையே காட்டிய அருமையான சோதனை அது. ஆனால் அதே பாக்டீரியாவை ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் நான்கு வாரம் அசலையும் நான்கு வாரம் மருந்தில்லாத போலி மாத்திரையையும் எடுத்துக்கொண்டார்கள். 2017-ல் வெளியான முடிவில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. தங்கள் கண்டுபிடிப்புக்கே எதிரான முடிவை மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆய்வாளர்களின் நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

நோயே இல்லாதவர்களிடம் என்ன முன்னேற்றம் தெரிந்துவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நோயுள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளைப் பார்ப்போம். நியூசிலாந்தில், மனநல மருந்து எதுவும் எடுக்காத, மனம் சோர்ந்திருந்த 79 பேருக்கு இரண்டு வகை பாக்டீரியா கலந்த ப்ரோபயாடிக்கை எட்டு வாரம் கொடுத்தார்கள். மருந்தில்லாத போலியைவிட அது மேலான பலன் தரவில்லை. ஈரானில் அதே இரண்டு வகைகளை, ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவந்தவர்களுக்குக் கொடுத்தபோது சோர்வு குறைந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் 2023 ஆய்விலும் அப்படித்தான்: மருந்து எடுத்தும் முழுமையாகக் குணமாகாத 49 பேரில், கூடவே ப்ரோபயாடிக் எடுத்தவர்கள் அதிகம் தேறினார்கள். எல்லாமே சிறிய ஆய்வுகள். ஆய்வுக்கு வந்தவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். ஆனாலும் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ப்ரோபயாடிக் உதவிய இடங்களில் சிகிச்சைக்குத் துணையாக நின்றிருக்கிறது. சிகிச்சையின் இடத்தை அது பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

"கெடுதல் இல்லையே, போட்டுப் பார்த்தால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. ஆரோக்கியமான பெரும்பாலோருக்கு இதனால் உடலுக்குப் பெரிய தீங்கு வராது என்பது சரி. நோய் எதிர்ப்பு ஆற்றல் மிகக் குறைந்தவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. என் கவலை வேறு. மனநோய்களில் பெரும்பகுதி 25 வயதுக்குள் தலைகாட்டிவிடுகிறது. இருபது வயதுப் பிள்ளை தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் கிடக்கும்போது, "குடல்தான் காரணம்" என்று ஆறு மாதம் மாத்திரை மாற்றி மாற்றி விழுங்கினால், போவது பணம் மட்டுமல்ல, சிகிச்சைக்கான காலமும்தான். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டில் துணை உணவாக விற்கப்படும் இத்தகைய மாத்திரைகளின் லேபிளில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். விளம்பரத்தில் எவ்வளவு பெரிய எழுத்து இருந்தாலும், அந்தச் சின்ன எழுத்தைத்தான் நம்ப வேண்டும்.

குடல் வழியாக மனதுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு, மாத்திரையைவிடத் தட்டு நல்ல வழி. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வுள்ள 18 முதல் 25 வயது வரையிலான 72 ஆண்களிடம் 12 வாரம் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவுக்குக் காய்கறி, பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் நிறைந்த உணவுமுறை. இன்னொரு பிரிவுக்கு நட்பான பேச்சுத்துணை. உணவை மாற்றியவர்களே நன்றாகத் தேறினார்கள். தாம் என்ன சாப்பிடுகிறோம் என்பது சாப்பிடுபவருக்குத் தெரியும் என்பதால், பலனில் ஒரு பங்கு நம்பிக்கையால் வந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும், கீரையும் பயறும் தயிரும் வேறு எத்தனையோ வகையில் உடம்புக்கு நல்லவை. மாத்திரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ப்ரோபயாடிக் எடுக்க விரும்பினால் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். அதை நம்பி மனச்சோர்வு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் தேறவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416; கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.